தண்ணிய எடுக்க ஒரு ஆளு

"யாராவது ஒரு ஆள விட்டு மொதல்ல உள்ள கெடக்குற தண்ணிய எடுத்து வைங்க. அப்பறம் கூப்பிடுங்க, வந்து பாக்குறேன்."

வாஷிங் மெஷினைப் பழுது பார்க்க வந்தவர் இப்படிச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். வாசப்படி ஏறவில்லை. பைக்கில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பயராபீஸ் துணி போடுற மெஷினா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். அதற்கு மேல் பேச்சு இல்லை. வந்து போனதுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தைக் கையில் வாங்க மட்டும் அவருக்குக் கூச்சம் இல்லை.

அவர் சாதி பார்த்து ஏறவில்லையா, மருந்துக்குப் பயந்து ஏறவில்லையா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. எங்கள் காலனிக்குள்ளே வருகிறவன் ரெண்டையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறான். அவர் போன பிறகும் ஒரே ஒரு வார்த்தை எனக்குள்ளே நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஆளு. யாரு அந்த ஆளு? அழுக்குத் தண்ணியில் கையை விட்டு எடுக்க ஒரு ஆள் எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், கூப்பிட்டா வந்து நிக்கும்னு அவருக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரிஞ்சது?

இதை எழுத உட்கார்ந்தது அவரைத் திட்டுவதற்கு இல்லை. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளே நானும் அதே காரியத்தைப் பண்ணினேன். அதைச் சொல்லத்தான்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற ரோட்டில், திருத்தங்கல் தாண்டி உள்ளே தள்ளி இருக்கு எங்க காலனி. அம்மா இருபத்தாறு வருசமாப் பயராபீசுக்குப் போகுது. எங்கள் பக்கம் பட்டாசு ஆலையைப் பயராபீஸ் என்போம். தீப்பெட்டி ஆலையைத் தீப்பெட்டியாபீஸ் என்போம். பேர்தான் ஆபீஸ். நாற்காலி மேசை எல்லாம் கணக்குப்பிள்ளைக்கும் போர்மேனுக்கும். அம்மாவுக்கு மருந்து செலுத்துகிற வேலை. விடியுமுன்னே ஆபீஸ் வண்டியில் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வரும்போது, வெள்ளி முலாம் பூசின சிலை மாதிரி இருக்கும். கை, கழுத்து, காது மடல், சேலை, மேலே போட்டிருக்கிற ஆம்பளைச் சட்டை, எல்லாம் மினுமினுக்கும். ஒண்ணாப்பு படிக்கிறப்ப "எங்கம்மா மினுமினுன்னு இருப்பா"ன்னு பள்ளிக்கூடத்தில் பெருமையாச் சொல்லியிருக்கேன். அது அலுமினியப் பவுடர் என்று தெரிகிற வயசு வர நாளாச்சு.

அந்தத் துணியைத் துவைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. வேலைக்கு நைலான் துணி கூடாது. உரசினால் பொறி வரும் என்பதால் பருத்திதான் உடுத்தணும். பருத்தி மருந்தை நல்லாக் குடிச்சு வச்சுக்கும். ஊறப்போட்ட தண்ணி ஈயம் கரைச்ச மாதிரி ஆகும். கல்லுல போட்டு அடிச்சா நுரையே கருப்பா வரும். பகலெல்லாம் மருந்து பட்ட கை, ராத்திரி சோடாவும் சவுக்காரமும் பட்டு, விரலிடுக்கில் வெடிச்சு ரத்தம் கசியும். அந்தக் கையோட விடியக்காலம் மறுபடி மருந்துக்குப் போகும். எங்க ஊர்ல கொழாய்த் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா. வருகிற அன்னைக்குத் தெருவே கல்லுமுன்னால உட்கார்ந்திருக்கும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தது. எங்க தெருப் பொம்பளைக அதை ஒரு வாரம் பேசிச் சிரிச்சாக. "மிசினக் குடுத்துருவாக. தண்ணிய யாரு குடுப்பா?" என்று அம்மா கேட்டுச்சு. அந்தக் கட்சி ஜெயிக்கவில்லை, மெஷினும் வரவில்லை. மறு வருசம், நான் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்த கல்லூரியில் ஆறு மாசச் சம்பளம் மொத்தமாக வந்தது. மாற்றலாகிப் போன ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து பழைய மெஷின் ஒன்று வாங்கினேன். முன்பக்கம் வட்டக் கதவு வைத்தது. அம்மாவின் கைக்காக வாங்கினேன். அந்த மெஷினைப் பற்றி வேறு பெருமை எதுவும் எனக்கு இல்லை.

நின்று போன பொருள் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் ரெண்டு மூணு வீட்டில் ரெட்டைத் தொட்டி மெஷின் உண்டு. அதில் பம்பு கிடையாது. திருகைத் திருப்பினால் தண்ணி தானாகக் கீழே இறங்கி ஓடிவிடும். வட்டக் கதவு மெஷினில் அப்படி இல்லை. அடியில் தேங்குகிற அழுக்குத் தண்ணியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, குழாய் வழியாக வெளியே தள்ளணும். அதற்கென்று மெஷினோட அடிவயிற்றில், ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பம்பு இருக்கு. முப்பது நாற்பது வாட் மோட்டார். அதன் நுனியில் ஒரு சின்னக் காத்தாடி. இந்தக் காத்தாடி தண்ணியை வெளியேத்தினால்தான் மெஷின் அடுத்த வேலைக்குப் போகும். இது நின்னு போச்சுன்னா, பளபளக்கிற கதவும் மின்னுகிற எழுத்தும் பாட்டுப் பாடுகிற மணியும் எதுவுமே பிரயோசனம் இல்லை. அலசாது, பிழியாது. துணி ஊறினபடி கெடக்கும்.

எங்கள் தாத்தா கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். தண்ணி நிறைஞ்சு கெடக்கிறப்ப முங்கிப் போய் மடையைத் திறந்துவிடுகிற வேலை. தென்மாவட்டக் கண்மாய்களில் இந்த வேலை பெரும்பாலும் நம்ம சனங்க தலையிலதான் விழுந்துச்சு. அவர் மக என் அம்மா. மெஷினுக்குள்ளே எட்டிப் பார்த்துட்டு அது சொன்ன ஒரே வாக்கியம்: "மடை அடைச்சிருக்குத்தா."

மூணு வாரத்துக்கு முந்தியே அது சொல்லிவிட்டது. தண்ணி வெளியே போகிற நேரத்தில் மெஷின் அடியில் ஒரு உறுமல் கேட்டுச்சு. தண்ணி போச்சு, ஆனா மெதுவாப் போச்சு. நான் கண்டுக்கல. அப்புறம் உறுமல் மட்டும் கேட்டுச்சு, தண்ணி போகல. நிறுத்திப் போட்டேன், போச்சு. கடைசியில் உறுமலும் நின்னுச்சு. கண்ணாடிக்குப் பின்னால் கருந்தண்ணி பாதித் தொட்டிக்கு நிக்குது, அதில் அம்மாவோட சேலை மிதக்குது, மேலே ரெண்டு எழுத்து மின்னி மின்னி அணையுது.

ரிப்பேர்க்காரர் போன பிறகு எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் காலனிக்கு மேக்கே, ஓடையோரம் தனியாக இருக்கிற மூணு வீடுகளில் ஒரு வீட்டுத் தம்பி. அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் முடித்தவன். சிவகாசி அச்சாபீஸ்களில் வயரிங் வேலைக்குப் போகிறான். சொல்லி அனுப்பினேன். வேலை முடிஞ்சு மீட்டரும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வந்தான்.

முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னான். பிறகு என்னைக் கேள்வி கேட்டான். "சத்தம் வந்துச்சாக்கா, வரலையா? மொதல்ல உறுமிட்டு அப்பறம் நின்னுச்சா?" நல்ல வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி வரிசை வைத்திருந்தான். பம்பைக் குறை சொல்லுமுன் பாதையைப் பார்க்கணும்: பின்னால் போகிற குழாய் மடங்கியிருக்கா, நுனி சாக்கடையில் முங்கி அடைச்சிருக்கா. பார்த்தோம். இல்லை. அடுத்து, உறுமல் இருந்து தண்ணி போகலைன்னா காத்தாடியில் எதுவோ மாட்டியிருக்கு. உறுமலே இல்லைன்னா ரெண்டில் ஒண்ணு: கரண்ட் வரல, இல்லேன்னா வந்த கரண்டைப் பம்பு வாங்கல. ரெண்டையும் மீட்டர் சொல்லிவிடும். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே நிற்கிற தண்ணியை வெளியே எடுத்தாகணும்.

"கீழ சின்ன மூடி இருக்குல்ல, அதுக்குள்ள பில்டர் இருக்கும். தாம்பாளத்த அடியில வச்சு, கால் திருகு திருகினா தண்ணி வரும். நிறைஞ்சதும் மூடிட்டு ஊத்திட்டு வந்து மறுபடி திருகணும்."

நான் தாம்பாளத்தை வைத்தேன். வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். அவன் கை வைப்பான் என்று நின்றேன். அதை அப்போது நான் யோசித்துக்கூடச் செய்யவில்லை; கால் தானாக நகர்ந்துச்சு. அவனும் நகரவில்லை. மீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றான். அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்துச்சு:

"ஏலே, நீதான் எடேன். ஒங்களுக்குப் பழகுன சோலிதான."

அவன் கோபப்படவில்லை. குரலை உசத்தவும் இல்லை. "பெரியம்மா, கரண்டு சோலிய நான் பாக்குறேன். அது நான் படிச்சது. இந்தத் தண்ணியில நான் கை வைக்க மாட்டேன். எங்க பாட்டி ஒங்க துணியில கை வச்சது போதும்."

வீட்டுக்குள்ளே சத்தமே இல்லை. காலையிலிருந்து "யாரு அந்த ஆளு, யாரு அந்த ஆளு"ன்னு பொங்கிக்கிட்டு இருந்தேனே. அந்த ஆளை நானே சொல்லி அனுப்பி வரவழைச்சு, தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வச்சிருந்தேன்.

அவன் பாட்டி புதிரை வண்ணார். நமக்குத் துணி வெளுத்தவங்க. ஊர் வண்ணார் நம்ம துணியைத் தொடமாட்டார் என்பதால், நமக்குன்னு ஒரு சாதியை நமக்கும் கீழே வச்சு, நம்ம அழுக்கை அவங்க கையில் கொடுத்தோம். பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் இந்த மக்கள் பகலில் வெளியே தலைகாட்டக் கூடாதென்று வைத்திருந்ததை 1932-லேயே 'தி இந்து' நாளிதழில் எழுதியிருக்கிறார்கள். தீண்டாமைக்கும் கீழே காணாமை. இமையம் 'கோவேறு கழுதைகள்' நாவலை 1994-ல் கொண்டுவந்தபோது அதன் மையத்தில் இருந்தவள் நம் குடியிருப்புக்குத் துணி வெளுக்கிற ஒரு வண்ணாத்திதான். எம்.ஏ. படிக்கும்போது அதை வாசித்தேன். வகுப்பில் எழுந்து நின்று அதைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கினேன். புதிரை வண்ணாருக்குத் தமிழக அரசு 2009-ல் நலவாரியம் அமைத்ததும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கால் நகர்ந்துச்சே.

நான் வயசுக்கு வந்தப்ப உடுத்தியிருந்த துணியை எடுத்துட்டுப் போய் வெளுத்துக் கொண்டுவந்தது அந்தப் பாட்டிதான். எங்க தாத்தா செத்தப்ப கெடத்தியிருந்த துணியை அள்ளிப் போனதும் அதுதான். அம்மாவோட வெள்ளித்தூள் படிஞ்ச சேலைகளைத் துவைச்சதும் பாதிக் காலம் அதுதான். ராத்திரி ஆனா வாசல்ல வந்து நின்னு "தாயி, சோறு" என்று குரல் கொடுக்கும். என்னைவிட ரெண்டு வயசு சின்னப் பிள்ளைகளைக்கூடச் "சாமி"ன்னு கூப்பிடும். அந்தப் பாட்டியோட பேரன் இன்னைக்கு என் அம்மாவை "பெரியம்மா" என்று கூப்பிடுறான். கூப்பிட்டதும் அம்மா முகம் ஒரு நிமிசம் என்னமோ ஆனதை நான் பார்த்தேன். என் முகம் எப்படி ஆச்சுன்னு அவன் பார்த்திருப்பான்.

நான் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தேன். தண்ணி கருப்பா, கெட்டியா, கந்தக வாடையோட வந்துச்சு. ஏழு தாம்பாளம். கடைசியில் பில்டரைக் கழற்றி உள்ளே கையை விட்டேன். விரலுக்கு மெத்துன்னு ஏதோ தட்டுப்பட்டுச்சு. அள்ளி வெளியே போட்டேன். சேறு. சாதாரணச் சேறு இல்லை. வெயில் பட்டதும் மின்னுகிற சேறு. அதுக்குள்ளே பேப்பர் குழாய்த் துணுக்கு, தலைமயிர், ஒரு ஊக்கு. இன்னும் உள்ளே விரலை விட்டால் காத்தாடி அசையவே இல்லை. நல்ல பம்பில் விரலால் திருப்பினால், உள்ளே காந்தம் இருப்பதால் டக் டக்கென்று விட்டுவிட்டுச் சுத்துமாம். இதில் காத்தாடியோட கழுத்தைச் சுத்தி நூல் இறுகியிருந்துச்சு. இழுத்து இழுத்து எடுத்தேன். முழ நீளம் இருக்கும்.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துச்சு. ஒரே பார்வைதான். "திரி" என்றது.

திரி என்பது பருத்தி நூலில் வெடிமருந்துப் பசை தடவிக் காயவைத்தது. தண்ணியில் ஊறினால் மருந்து போகும், நூல் நிற்கும். வெடியுப்பும் தண்ணியில் கரைஞ்சு போயிரும். கந்தகம் கரையாது. அலுமினியம் கரையாது. கரையாததெல்லாம் பம்புக்கு வந்து சேர்ந்திருக்கு. அம்மாவோட மடியிலும் சேலைக் கொசுவத்திலும் ஒட்டி, வண்டி ஏறி, காலனிக்கு வந்து, மெஷினோட அடிவயித்தில் வந்து படிஞ்சது முதலாளியோட சரக்கு. எடை போட்டுக் கொடுக்கிற மருந்தில் ஒரு சிட்டிகை குறைஞ்சா ஆபீஸில் கேள்வி வரும். ஒடம்பில் ஒட்டிப் போகிற மருந்துக்கு மட்டும் கேள்வி இல்லை.

கையை நான் வச்சதுக்கப்புறம் அந்தத் தம்பி தன் வேலையை ஆரம்பிச்சான். ரப்பர்ச் செருப்போட பலகை மேல் நின்று, பிளக்கை மாட்டச் சொல்லி, தண்ணி வெளியேத்துகிற ஓட்டத்தில் வச்சு, பம்புக்கு வருகிற வயர் நுனியில் மீட்டர் வச்சான். 230 வோல்ட் வந்துச்சு. "கரண்டு வருது. போர்டு நல்லாருக்கு." பிளக்கைப் பிடுங்கினான். பம்பின் ரெண்டு முனையிலும் மீட்டரை வைத்து ஓம் பார்த்தான். நல்ல பம்பு என்றால் நூத்தம்பது, இருநூறு ஓம் பக்கம் காட்டணும். இது ஒண்ணுமே காட்டவில்லை. "காயில் எரிஞ்சிருச்சுக்கா. திரி சுத்தி இறுக்கினதுல சுத்த முடியாம முக்கி முக்கிச் சூடாகி எரிஞ்சிருக்கு. உறுமுனப்பவே திறந்து நூல எடுத்திருந்தா பம்பு பிழைச்சிருக்கும்."

உறுமினபோதே. அம்மா ராத்திரியில் இருமுகிற இருமலையும் நான் மூணு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

மறுநாள் பழைய பம்பைப் பையில் போட்டுக்கொண்டு விருதுநகர் போனேன். பழசைக் கையோடு கொண்டு போவது நல்லது. ஸ்க்ரூ ஓட்டைகளின் இடமும் வயர் மாட்டுகிற வாயும் ஒத்துப் போகணும். வாயால் சொன்னால் கடைக்காரர் வேறு ஏதாவது கொடுத்துவிடுவார். 850 ரூபாய். சாயங்காலம் அந்தத் தம்பியும் நானும் மெஷினைப் பழைய மெத்தை மேல் மல்லாக்கச் சாய்த்தோம். அடிப்பக்கம் திறப்புதான். வயரைக் கழற்றி, மூணு ஸ்க்ரூவை எடுத்தால் மோட்டார் கையோடு வந்துவிட்டது. புதுசை மாட்டுவதற்கு முன் உட்காருகிற இடத்து ரப்பர் வளையத்தைத் துடைத்து நேராக வைக்கச் சொன்னான். அதில் ஒரு மணல் இருந்தாலும் ஒழுகுமாம். அம்மா டார்ச் அடிச்சுச்சு. நிமிர்த்தி, அடியில் செய்தித்தாள் விரித்து, துணி போடாமல் வெறும் தண்ணி விட்டுப் பார்த்தோம். தாள் நனையவில்லை. குழாய் நுனியில் தண்ணி பீய்ச்சி அடித்துச்சு. அரை மணி நேர வேலை. முந்தின நாள் காலையில் வந்தவர் வாசப்படி ஏறியிருந்தால் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

வேலை முடிந்து அந்தத் தம்பிக்குச் சோறு போட்டோம். முன்னறையில், எங்க தட்டில். இதைப் பெருமையாக எழுதவில்லை. இத்தனை வருசம் வாசலில் போட்டவர்கள் ஒரு நாள் உள்ளே போட்டதற்கு என்ன பெருமை? அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டுச்சு: "ஏய்யா, ஒங்க பாட்டி பேரு என்ன?"

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். நாப்பது வருசம் துணி வாங்கிப் போய்க் கொடுத்தவங்க. வண்ணாத்தி என்றே கூப்பிட்டுப் பழகியிருக்கிறோம். அவன் பேரைச் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதிக் கைதட்டு வாங்குகிற உரிமை எனக்குக் கிடையாது.

இப்போது அந்தச் சேற்றுக்கு வருகிறேன். அதை ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் அள்ளி வைத்தோம். "மூடிய இறுக்கி மூடாதீங்கக்கா. சோப்புத் தண்ணியில கெடக்குற அலுமினியம் வாயு விடும், பாட்டில் வெடிச்சாலும் வெடிக்கும்" என்று அந்தத் தம்பி எச்சரித்தான். துணியால் கட்டி ஜன்னலில் வைத்தோம். தெருப் பொம்பளைக வந்து பார்த்தாக. ஒருத்தர் மடியிலிருந்து உதிர்ந்தது இவ்வளவுன்னா தெருவுக்கு எவ்வளவு, ஓடைக்கு எவ்வளவு என்று அவங்களாகவே கணக்குப் போட ஆரம்பிச்சாக.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42-வது பிரிவு, ஆலையில் தொழிலாளிகள் கழுவிக்கொள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வசதி வேண்டும் என்றது. 43-வது பிரிவு, மாற்றுத்துணி வைக்கவும் ஈரத்துணி காயவைக்கவும் இடம் வேண்டும் என்று அரசு விதி செய்யலாம் என்றது. பழைய சட்டங்களைத் தொகுத்து 2020-ல் எழுதிய தொகுப்புச் சட்டத்திலும் கழுவுகிற இடமும் உடைமாற்றுகிற அறையும் எழுத்தில் இருக்கு. எழுத்தில் இருக்கிறதெல்லாம் ஆலைக்குள்ளே இருந்தால் அம்மா ஏன் வெள்ளிச் சிலையா வீட்டுக்கு வருது?

முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ந் தேதி ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ந் தேதி இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்காவது பத்திரிகையில் எண்ணிக்கை வரும், நிவாரணம் அறிவிப்பார்கள். டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் 2015-ல் போட்ட வழக்கில், 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தப் பிள்ளைகள் நல்ல காத்தைச் சுவாசிக்கணும். அதில் நமக்கு வேறு கருத்து இல்லை. பட்டாசு வெடிக்கிற ஊரின் காத்துக்கு ஒரு வழக்கு இருக்கு. பட்டாசு செய்கிற ஊரின் வாளித் தண்ணிக்கு எந்த வழக்கும் இல்லை. அந்தத் தண்ணி காலனிக்குள்ளே தேங்குது. அதை வெளியேத்துகிற செலவும் சோலியும் எங்களுது. 850 ரூபாய்ப் பம்பு உள்பட.

பதினாலு பொம்பளைக சேர்ந்து ஆபீஸில் கேட்டாக: குளிக்க ஒரு அறை, துணி மாத்த ஒரு அறை, வேலைத் துணியை அங்கேயே துவைக்க ஏற்பாடு. அம்மா பாட்டிலைக் கொண்டு போய் மேசை மேல் வச்சிருக்கு. போர்மேன் பாட்டிலைப் பார்த்துட்டுச் சிரிச்சாராம். "ஒனக்கென்ன, ஒம் மகதான் மிசின் வாங்கிக் குடுத்திருக்காளே." நான் அம்மாவின் கைக்காக வாங்கினது அவருக்குச் செலவு மிச்சமா ஆகியிருக்கு. வாஷிங் மெஷின் வந்தா பொம்பளை விடுதலை ஆயிருவான்னு ஒரு காலத்தில் மேடையில் பேசினவள் நான். கல்லுல துவைக்கிற சோலியிலிருந்து அம்மா கை தப்பிச்சது நிசம். ஆனா ஆலையில் துவைக்க வேண்டிய துணியை வீட்டில் துவைக்கிற வரைக்கும், கல்லானால் என்ன, மெஷினானால் என்ன?

பிறகு மனு எழுதி, பதினாலு கையெழுத்தோட, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். ஏழு மாசம் ஆச்சு. பதினாலு பேரில் மூணு பேரை "சரக்கு இல்ல, அப்பறம் வா" என்று நிறுத்தி வச்சிருக்காங்க. அம்மா அதில் ஒண்ணு. இப்போது வேறொரு ஆபீஸுக்குப் போகுது. அங்கேயும் கழுவுகிற இடம் இல்லை.

வீட்டில் ஒரு வழக்கம் மட்டும் மாறியிருக்கு. வேலைத் துணியை வாசலில் உதறி, வாளித் தண்ணியில் ரெண்டு தடவை அலசி, மடிப்பில் திரி இருக்கான்னு தடவிப் பார்த்துட்டுத்தான் மெஷினில் போடுறோம். ஞாயித்துக்கிழமை பில்டரைக் கழற்றுறோம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அண்ணன். அண்ணன் முதல் வாரம் "எவனாவது பயல வரச் சொல்லு"ன்னு ஆரம்பிச்சாரு. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துச்சு. உட்கார்ந்து திருகினாரு.

தோழர்களே, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பயராபீசுக்குப் போகிறவங்க வீடுகள் உங்களில் பல பேருக்குச் சொந்த வீடுதான். அடுத்த தடவை போகும்போது மெஷினோட அடி மூடியையோ, துணி ஊறின வாளியோட அடியையோ பாருங்க. கிடைக்கிறதை எடுத்து வையுங்க, மூடியை இறுக்காமல். எந்த ஆபீஸ், என்ன வேலை, எத்தனை நாள் துணி என்று தேதி போட்டு எழுதி வையுங்க. ஒரு பாட்டிலைப் பார்த்துச் சிரிச்சாங்க. நூறு பாட்டிலைக் கொண்டு போய் வைப்போம்.

இன்னொண்ணு. அதை எடுக்கிறப்ப உங்க கையையே விடுங்க.